சுவரக்கா சிரித்துவிட்டாள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த அடையாள அட்டையில் அது இன்னும் அச்சாகித்தான் இருக்கிறது. ஆனால் அட்டை எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கழுத்தில் தொங்கும். யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. மார்பக ஸ்கேன் பிரிவில் தரை துடைப்பவர் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் சுவரக்கா.

கேலிக்காக வைத்த பெயர் என்று சொல்ல முடியாது. அவள் முகம் அப்படி. நல்ல செய்தி சொன்னாலும் கெட்ட செய்தி சொன்னாலும் வெள்ளையடித்த சுவர் மாதிரி அப்படியே இருக்கும். சொந்தக்காரர் கல்யாணப் போட்டோக்களில்கூட, யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவள் போல ஓரத்தில் நிற்பாள். "கொஞ்சம் சிரிங்கக்கா" என்று போட்டோ எடுப்பவர் கெஞ்சினால், "சிரிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்பாள். உண்மையும் அதுதான். உள்ளே சிரிப்பாள், வெளியே வந்து சேராது.

அந்த முகத்துக்காகத்தான் அவளுக்கு ஸ்கேன் அறை வேலை கிடைத்தது. அவளுக்கு முன்னால் அங்கே இருந்த உதவியாளர் நல்ல மனுஷி, இளகிய மனசு. ஒரு நாள் ஸ்கேன் நடக்கும்போது ஜெல் பாட்டில் தீர்ந்துபோனதைப் பார்த்து "ச்சு" கொட்டிவிட்டார். கட்டிலில் படுத்திருந்த பெண் அந்த "ச்சு"வைக் கேட்டு, தன் கதை முடிந்தது என்று நினைத்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். வெளியே உட்கார்ந்திருந்த அவள் அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்து தானும் அழுதார். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு இருந்தது தண்ணீர் கோத்த ஒரு சின்னக் கொப்புளம். ஸ்கேன் டாக்டர் இரண்டு பேரையும் தேற்றி அனுப்பிவிட்டு, அடுத்த வாரமே வார்டு வார்டாகப் போய் ஆள் தேடினார். துணி மடித்துக்கொண்டிருந்த இவளைப் பார்த்ததும் தேடல் முடிந்தது.

"நான் ஸ்கிரீனைப் பாத்துட்டு இருப்பேன்" என்று முதல் நாள் டாக்டர் சொன்னார். "படுத்திருக்கற பொண்ணுக்கு ஸ்கிரீன் புரியாது. என் முதுகு தெரியும். அதனால அவ உங்களைத்தான் பாப்பா. உங்க மூஞ்சில என்ன இருக்கோ அதுதான் அவளுக்கு ரிசல்ட். புரியுதா?"

"புரியுது மேடம்."

"உங்க மூஞ்சில ஒண்ணும் இருக்காதுன்னு நம்பித்தான் கூப்பிட்டிருக்கேன்."

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில், ஒரு மெஷின், டாக்டர் உட்கார்ந்தபடியே உருட்டிக்கொள்ளும் நாற்காலி, துண்டுகள் அடுக்கிய அலமாரி. ஸ்கேன் தொடங்கும்போது விளக்கை அணைத்துவிடுவார்கள். பிறகு ஸ்கிரீனின் சாம்பல் வெளிச்சம் மட்டும்தான். சுவரக்காவின் வேலை, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, முன்பக்கம் திறக்கும் அங்கியைக் கொடுப்பது, கையைத் தலைக்கு மேல் தூக்கிவைக்கச் சொல்வது, தோளுக்கடியில் தலையணையைச் செருகுவது, முடிந்ததும் ஜெல்லைத் துடைப்பது. ஜெல் பாட்டிலை வெந்நீர் டம்ளரில் நிறுத்திவைத்து வெதுவெதுப்பாக்கும் வழக்கத்தை அவளாகவே கொண்டுவந்தாள். சில்லென்று நெஞ்சில் பட்டால் எந்தப் பெண்ணும் துள்ளுவாள். ஏற்கெனவே பயந்துபோய் வந்தவளுக்கு அந்தத் துள்ளல் வேறு எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொன்னதில்லை. டம்ளரை மட்டும் வைத்தாள்.

அங்கே வருபவர்களில் பாதிப் பேர் சின்னப் பெண்கள். வயதானவர்களை எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு அனுப்புவார்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஒரு அம்மா டாக்டரிடம் கேட்டபோது அவர் சொன்ன பதில் சுவரக்காவுக்கு மனதில் நின்றுவிட்டது. "இந்த வயசுல உள்ள சதை கெட்டியா இருக்கும்மா. எக்ஸ்ரேல எல்லாம் வெள்ளையாத் தெரியும். கட்டியும் வெள்ளை, சதையும் வெள்ளை. சுண்ணாம்பு அடிச்ச சுவத்துல சுண்ணாம்புத் துளியத் தேடற மாதிரி. ஸ்கேன்ல அப்படி இல்ல, கட்டி கறுப்பாத் தெரியும்." வருகிற சின்னப் பெண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் படுத்திருக்கிற ஒருத்திக்குப் "பெரும்பாலோர்" என்பது எந்த ஆறுதலும் கிடையாது. அவள் கண்கள் இருட்டில் சுவரக்காவின் முகத்தைத் துழாவும். சுவரக்கா சுவராக நிற்பாள். பல வருஷம் அப்படியே போனது.

பிறகுதான் கடிகாரப் பெண் வந்தாள்.

அவள் ஆராய்ச்சி செய்கிறவள். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, வாய் ஓயாது. ராத்திரி வேலை பார்க்கும் இளம் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. சேருகிற ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு கறுப்புக் கடிகாரத்தைக் கட்டிவிடுவாள். எப்போது தூங்குகிறார்கள், எப்போது வெளிச்சம் படுகிறது, எப்போது அசைகிறார்கள் என்று அது எழுதிக்கொள்ளும். எச்சிலைக் குழாயில் வாங்குவாள், சாப்பிட்டதும் விரலில் குத்தி ரத்தம் எடுப்பாள். கூடவே, மார்பின் சதையில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க எல்லோரையும் ஸ்கேன் அறைக்கும் அனுப்பினாள்.

டீ குடிக்கும் நேரத்தில் சுவரக்காவைப் பிடித்துக்கொள்வாள். எதிரில் இருப்பவர் பதில் பேசாவிட்டால் அவளுக்கு இன்னும் வசதி.

"அக்கா, உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இல்ல, ஊர்ப்பட்ட கடிகாரம் இருக்கு. தலைக்குள்ள ஒரு பெரிய கடிகாரம். அது வெளிச்சத்தப் பாத்து ஓடுது. ஈரலுக்கு ஒண்ணு, கணையத்துக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு. அதெல்லாம் நாம சாப்பிடற நேரத்தப் பாத்து ஓடுது. ராத்திரி முழிச்சிருந்து சாப்பிட்டா, தலை 'ராத்திரி, தூங்கு'ங்குது, வயிறு 'விடிஞ்சிருச்சு, வேலையப் பாரு'ங்குது. ஒரே வீட்ல ஆளுக்கொரு நேரம். அதே சாப்பாடுதான், ஆனா ராத்திரில சாப்பிட்டா சர்க்கரை ரத்தத்துலயே சுத்திட்டு இருக்கு, உள்ள போக மாட்டேங்குது. இது வருஷக்கணக்கா நடந்தா சதைக்கு என்ன ஆகும்? அதத்தான் பாக்கறேன்."

சுவரக்கா டீயை ஊதிக்கொண்டு கேட்டாள். அவள் வீட்டிலேயே ராத்திரி வேலைக்காரர் ஒருவர் இருந்தார். அவள் புருஷன் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை. ஊர் தூங்கும்போது ரொட்டி வெந்தால்தான் ஊர் எழும்போது கடைக்குப் போகும். காலையில் இவள் கிளம்பும் நேரத்தில் அவர் மாவு வாசனையோடு வந்து படுப்பார். சாயங்காலம் இவள் திரும்பும்போது பல் விளக்கிக்கொண்டிருப்பார். கடிகார விஷயத்தை அவரிடம் சொன்னாள்.

"என் வயித்துல கடிகாரம் எல்லாம் இல்ல" என்றார் அவர். "அலாரம் மட்டுந்தான் இருக்கு. எப்பப் பாத்தாலும் அடிச்சிட்டே இருக்கு. சோத்தப் போடு."

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் ஒருத்தி பார்சல் கிடங்கில் வேலை பார்க்கும் பெண். ராத்திரி முழுக்கப் பெட்டிகளைப் பிரித்து ஊர்வாரியாகப் போடுகிற வேலை. இருபதைத் தாண்டி அதிக நாள் ஆகாத வயது. வேலை முடிந்து நேரே ஸ்கேனுக்கு வந்தாள். விரல் நுனிகளில் பசை நாடா ஒட்டிய தடம் கறுப்பாக இருந்தது. சுவரக்கா பெயரைக் கூப்பிட்டபோது வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி அம்மாள் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

கட்டிலில் படுத்தாள். வெதுவெதுப்பான ஜெல் பட்டதும் "ஆஹா" என்றாள். விளக்கு அணைந்தது. டாக்டரின் கை நிதானமாக வட்டம் போட்டது. கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் நின்றது. நகர்ந்து போய், திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. மெஷினில் படத்தை நிறுத்தி அளவெடுக்கும் பொத்தான் "டிக்" என்றது. மறுபடி "டிக்". அந்தச் சத்தத்தின் அர்த்தம் சுவரக்காவுக்குத் தெரியும்: ஏதோ இருக்கிறது, டாக்டர் அளக்கிறார். அது என்ன என்று மட்டும் அவளுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் குறட்டை விட்டாள்.

முதலில் மூக்கில் ஒரு சின்ன விசில். பிறகு தொண்டையில் உருளும் சத்தம். பிறகு, யாரோ கேள்வி கேட்டதுபோல "ம்?" என்று ஒரு நிறுத்தம். பதில் வந்துவிட்ட மாதிரி மறுபடி விசில். அச்சு அசல் அவள் புருஷனின் குறட்டை. ஒரு ரொட்டிக்காரர் பகலெல்லாம் விடும் குறட்டையை, ஒல்லியான ஒரு பெண் அப்படியே திருடிக்கொண்டு வந்து ஸ்கேன் கட்டிலில் போட்டிருக்கிறாள். சுவரக்காவின் முகத்தில், இத்தனை வருஷமாக வெளியே வந்து சேராத சிரிப்பு வந்து சேர்ந்தது. பல் தெரிகிற சிரிப்பு.

தன் குறட்டையே தன்னை எழுப்பிவிடுவது உண்டு. அந்தப் பெண் "ம்?" என்ற இடத்தில் கண்ணைத் திறந்தாள். நேர் எதிரே, சாம்பல் வெளிச்சத்தில், ஒரு பெண்மணி தன்னைப் பார்த்து வாய்நிறையச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அவளும் பதிலுக்குச் சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் அவளை உட்காரவைத்துப் பேசினார். "ஒரு சின்ன இடம் இருக்கும்மா. அங்க ஊசி வச்சுத் துளி சதை எடுத்துப் பாத்துடலாம். இப்பவே பயந்துக்க வேணாம். ஆனா விட்டுடவும் கூடாது. சரியா?"

"சரிங்க மேடம்" என்று கொட்டாவிக்கு நடுவில் சொல்லிவிட்டுப் போனாள் பார்சல் பெண்.

சொன்ன நாளில் வரவில்லை. வேறு நாள் கொடுத்தார்கள். அன்றைக்கும் வரவில்லை. கடிகாரப் பெண் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் போன் அணைந்து கிடக்கும். வாரங்கள் போய் மாதம் ஒன்று ஆனது, இரண்டும் ஆனது. பிறகு ஒரு நாள் மதியம் கடிகாரப் பெண் சிரித்துக்கொண்டே ஸ்கேன் அறைக்குள் வந்தாள்.

"மேடம், ஒரு வழியா அந்தப் பார்சல் பொண்ணு போன எடுத்துச்சு. தூக்கக் கலக்கத்துல எடுத்துடுச்சு போல. ஊசிக்கு ஏன் வரலன்னு கேட்டேன். 'எனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரியுமே'ங்குது. எப்படித் தெரியும்னா, 'அந்த அக்கா சிரிச்சாங்களே'ங்குது! நம்ம சுவரக்காவாம், சிரிச்சாங்களாம்! கனவு கண்டிருக்குன்னு நெனைக்கறேன்."

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். சுவரக்கா துண்டு மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன் மேடம்."

"எதுக்கு?"

"குறட்டை விட்டுச்சு."

கடிகாரப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டர் நாற்காலியை மறுபடி ஸ்கிரீன் பக்கம் திருப்பினார். பிறகு "சரி" என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்தச் "சரி"யை எங்கே வைப்பது என்று சுவரக்காவுக்குத் தெரியவில்லை.

அந்த அறையில் அவள் ஒரு நாளும் கேட்காத கேள்வியை அன்று கேட்டாள். "அது நல்லதா மேடம், கெட்டதா?"

"தெரியல" என்றார் டாக்டர். "நல்ல கட்டின்னா வழவழன்னு, முட்டை படுத்திருக்கற மாதிரி இருக்கும். இதுக்கு ஓரம் சரியில்ல. நல்லதா இருந்தா எப்பப் பாத்தாலும் ஒண்ணுதான். இல்லன்னா, ஏற்கெனவே ரெண்டு மாசம் போயாச்சு."

வீட்டுக்கு வந்தபோது புருஷன் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூட இறக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவள் இவ்வளவு வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டது கிடையாது. சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப என் குறட்டையாலதான் எல்லாம்" என்றார்.

"வெளையாடாதீங்க."

"வெளையாடல. அந்தப் பொண்ணுக்கு எப்பப் போன் பண்றாங்க உங்க ஆளுங்க?"

"பகல்ல. ஆஸ்பத்திரி நேரத்துல."

"பகல்ல எனக்கு நீ போன் பண்ணா நான் எடுப்பேனா? எடுத்தாலும், என்ன பேசினேன்னு எனக்குத் தெரியுமா? போன வாரம் ஒருத்தன் கூப்பிட்டு ஏதோ கேட்டான், நானும் சரின்னுட்டேன். என்னத்துக்குச் சரின்னேன்னு இன்னும் தேடிட்டு இருக்கேன். நேர்ல போ. இந்த நேரத்துல போ. நாங்க எல்லாம் மனுஷங்களா இருக்கறதே இந்த ஒரு மணி நேரந்தான்."

மறுநாளே போக ஒரு காரணமும் கிடைத்தது. பார்சல் பெண்ணின் கடிகாரத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் அசைவுக் கோடு சில நாளாக அசையாமல் படுத்துக் கிடந்தது. அதைப் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று கடிகாரப் பெண் சொன்னாள். டாக்டரிடம் கேட்டார்கள். "ரெண்டு பேரும் போங்க" என்றார் அவர். பிறகு சுவரக்காவை மட்டும் பார்த்து, "பயமுறுத்திடாதீங்க. வர வைங்க" என்றார். அது எப்படி என்று சொல்லித் தரவில்லை.

கிடங்குப் பெண்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறை. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தும் உள்ளே கும்மிருட்டு. பார்சல் பெட்டிகளைப் பிரித்து, அந்த அட்டைகளை ஜன்னல் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்தார்கள். அட்டையில் "கவனம், உடையும் பொருள்" என்று அச்சாகியிருந்தது. சுவரோரம் பாய்கள். திரைக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பார்சல் பெண் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். கடிகாரம் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உன் கடிகாரம் சொல்றதப் பாத்தா நீ செத்துப் பல நாள் ஆச்சு" என்றாள் கடிகாரப் பெண்.

"பெல்ட் அரிக்குதுங்க" என்றாள் அவள் நுரையோடு. பிறகுதான் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, அக்கா! நீங்களா? உள்ள வாங்க, வாங்க."

சுவரக்கா உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

"ஊசிக்கு வரலியேம்மா நீ" என்றாள் கடைசியில்.

"எதுக்குக்கா? ஒண்ணும் இல்லாததுக்குப் போய் யாராவது குத்திக்குவாங்களா? மேடம் அவங்க கடமைக்குச் சொன்னாங்க. நான்தான் உங்க மூஞ்சியப் பாத்தேனே."

"நான் அதுக்குச் சிரிக்கல."

"பின்ன?"

"நீ குறட்டை விட்ட. அதுக்குச் சிரிச்சேன்."

பார்சல் பெண் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். "நானா? பொய் சொல்லாதீங்கக்கா. நான் ஜென்மத்துல குறட்டை விட்டதில்ல. என்னை வரவைக்கறதுக்காக இவங்க சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

"இல்லம்மா, நெசமா..."

"கேட்டா சிரிப்பாங்க. பொம்பளப்புள்ள, குறட்டையாம்!"

திரைக்குப் பின்னாலிருந்து தூக்கக் குரல் ஒன்று வந்தது. "யாரு, நீயா? நாங்க எல்லாம் காதுல பஞ்சு வச்சிட்டுத் தூங்கறோம்டி. முதல்ல விசிலு, அப்புறம் லாரி, அப்புறம் 'ம்?'னு கேக்கற. பதில் சொல்லலன்னா மறுபடியும் விசிலு."

கடிகாரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்சல் பெண்ணும் முதலில் சிரிக்கத்தான் போனாள். "போடி" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள், தோழியின் வார்த்தை எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. பிரஷ்ஷைப் பிடித்த கை அப்படியே நின்றது. முகத்தில் இருந்தது ஒவ்வொன்றாகக் கழன்று போவதைச் சுவரக்கா பார்த்தாள். எத்தனையோ பெண்கள் தன் முகத்தைப் பார்த்தது உண்டு. இன்னொருத்தியின் முகத்தை இவள் இப்படிப் பார்த்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அப்ப உள்ள என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாதும்மா. அந்த ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு எனக்கு ஒரு எழவும் புரியாது."

"அப்பறம் எதுக்கு அங்க நிக்கறீங்க?" என்று சீறினாள் பார்சல் பெண். "புரியாதவங்க எதுக்கு எதிர்ல வந்து நிக்கணும்?"

"ஜெல் தொடைக்க" என்றாள் சுவரக்கா.

பார்சல் பெண் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "வேலையிலேருந்து வந்து படுத்தா தூக்கமே வராது எனக்கு. கை அதுவாப் போய் அந்த எடத்தத் தொடும். உங்க சிரிப்ப நெனச்சிக்குவேன். தூக்கம் வந்துரும். இப்ப அதையும் வாங்கிட்டுப் போக வந்திருக்கீங்க."

கீழே தெருவில் கிடங்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. திரைக்குப் பின்னால் பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது. சுவரக்கா மெல்லக் குனிந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"நீ முழிச்சிருக்கற நேரமா வா. சாயங்காலம். மேடம் உனக்காக இருப்பாங்க. ஊசி குத்தறப்ப நானும் இருப்பேன்."

கடிகாரப் பெண் அங்கே நின்றபடியே டாக்டருக்குப் போன் போட்டாள். மறுநாள் சாயங்காலமே ஆகட்டும் என்று பதில் வந்தது.

பார்சல் பெண் மூக்கை உறிஞ்சினாள். "வரேன். ஆனா நீங்க என்னைப் பாத்து நிக்கக் கூடாது. உங்க மூஞ்சி எனக்கு வேணாம். சுவத்தப் பாத்துத் திரும்பி நிக்கணும்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்படித்தான் நடந்தது. மறுநாள் சாயங்காலம், மற்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, விளக்கு அணைந்த அறையில் சுவரக்கா துண்டு அலமாரிக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றாள். மூக்கு சுவரில் உரசும் தூரம். பெயின்ட்டில் ஒரு மயிரிழை விரிசல் மேலேயிருந்து கீழே ஓடி சுவிட்ச் பெட்டிக்குள் போவதை இத்தனை வருஷத்தில் அன்றுதான் கவனித்தாள். பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. மரத்துப்போக ஒரு ஊசி. அப்புறம் ஸ்டேப்ளர் மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அசையக் கூடாது என்றார். சுவரக்கா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் நீட்டினாள். நீட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அது வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு பசை நாடா பிடித்துச் சொரசொரத்த விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. "டக்" என்றது. விரல்கள் நெரித்தன. மறுபடி "டக்". எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. சுவரக்கா விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ரிசல்ட் வரும்வரை அவள் வழக்கம்போல வேலை பார்த்தாள். ஜெல் டம்ளரில் வெந்நீர் ஊற்ற மட்டும் இரண்டு தடவை மறந்தாள். அவளுடைய லீவு நாளில் புருஷன் பகலில் குறட்டை விட்டால், "ம்?" என்ற இடம் வருவதற்குள் போய் நின்றாள். எழுப்பித் திருப்பிப் படுக்கவைத்தாள். "நிம்மதியாக் குறட்டை விடக்கூட இந்த வீட்ல உரிமை இல்ல" என்று முனகிக்கொண்டு அவர் திரும்பிப் படுத்தார்.

ரிசல்ட் வந்த அன்று பார்சல் பெண் டாக்டர் அறைக்குள் போனாள். சுவரக்கா வராந்தாவில் துண்டுக் கூடையோடு நின்றாள். அங்கே வேலை எதுவும் இல்லாமல் நின்றது அன்று ஒரு நாள்தான். கதவு திறந்தது.

"நார்க்கட்டியாம்!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் பார்சல் பெண். "கெட்டது இல்லயாம். ஓரம் மட்டும் கோணலாம், என்னை மாதிரியே. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ பாத்தாப் போதுமாம்." ஓடிவந்து கூடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களாக்கா? உங்க சிரிப்பு சரிதான்! குறட்டையாம், ஊசியாம். கடைசில பாத்தா நீங்க அன்னிக்கே சொன்னதுதான்."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் சுவரக்கா.

அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. படியில் இரண்டிரண்டாக இறங்கிப் போய்விட்டாள்.

ஒரு தடவை தப்பாகப் போன சிரிப்பு இன்னொரு தடவை சரியாக வந்து விழுந்ததில் சுவரக்காவுக்கு நிம்மதி இருந்தது, பெருமை இல்லை. ஆனால் கதை அவளைக் கேட்டுக்கொண்டா ஓடும்? கிடங்கு வேனில் ஏறி, பெட்டிகளோடு பெட்டியாகப் பயணம் செய்தது. ஸ்கேன் அறையில் ஒரு அக்கா இருக்காங்க, ஊம கணக்கா நிப்பாங்க, அவங்க சிரிச்சா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், மெஷினே தோத்துப்போகும் என்று பேச்சு. கடிகாரப் பெண்ணின் ஆராய்ச்சிக்கு அதற்கு முன்னால் ஆள் பிடிப்பதே பாடாக இருந்தது. இப்போது ராத்திரி வேலைப் பெண்கள் தாங்களாகவே வந்தார்கள். டாக்டர் வாரத்தில் ஒரு நாளைச் சாயங்கால ஸ்கேனுக்கென்று ஒதுக்கவேண்டி வந்தது. வந்தவர்கள் கட்டிலில் படுத்ததும் தலையைத் திருப்பி, டாக்டர் ஒருவர் இருப்பதையே மறந்து, சுவரக்காவின் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். சிரிக்காததைப் பார்த்து ஒருத்தி விம்ம ஆரம்பித்தாள்.

"இது பழைய 'ச்சு'வை விட மோசமாப் போச்சே" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து, விளக்கை அணைப்பதற்கு முன்னால் சுவரக்கா பேச வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பெண்ணின் தோளுக்கடியிலும் தலையணையைச் செருகிவிட்டு, காது மடல் சிவக்க, யாருக்கோ பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்வாள். "என் மூஞ்சியப் பாக்காதம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சிரிச்சா அது வேற எதுக்காவது இருக்கும். மேடம் சொல்றத மட்டும் கேளு. பயமா இருந்தா கையப் புடிச்சிக்க." சொல்லிவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பாள். கையைப் பின்னால் நீட்டுவாள். சிலர் பிடித்துக்கொள்வார்கள். சிலர் மாட்டார்கள். ஒருத்தி அதில் தன் கைப்பையை மாட்டிவிட்டாள்.

கடிகாரப் பெண்ணின் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சர்க்கரைக்கும் தொடுப்பு இருப்பது கோடுகளில் நன்றாகவே தெரிகிறதாம். மார்பின் சதையைப் பற்றி இப்போதைக்கு வாயைத் திறக்க முடியாதாம். வாயைத் திறக்க முடியாததைப் பற்றியே ஒரு டீ நேரம் முழுக்கப் பேசினாள்.

ஆறு மாதம் கழித்துப் பார்சல் பெண் வந்தாள். சாயங்கால ஸ்கேனுக்கு வரச் சொல்லியும் கேட்காமல், வேலை முடிந்த கையோடு காலையிலேயே வந்து நின்றாள். ஜெல் பட்டதும் "ஆஹா" என்றாள். சுவரக்கா பாடத்தை ஒப்பித்துவிட்டு, விளக்கை அணைத்து, திரும்பி நின்று கையை நீட்டினாள். விரல்கள் வந்து பிடித்துக்கொண்டன. டாக்டரின் கை வட்டம் போட்டது, பழைய இடத்துக்கு வந்தது, அளந்தது. விரல்களின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"அப்படியேதான் இருக்கு. வளரவே இல்ல" என்றார் டாக்டர்.

பதிலுக்கு ஒரு சின்ன விசில் கேட்டது. பிறகு லாரி. பிறகு, "ம்?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சுவரக்கா சுவரைப் பார்த்தபடிதான் நின்றாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"மெதுவாச் சிரிங்கக்கா" என்றார் டாக்டர். "எழுப்பிடப் போறீங்க."